ஸ்டென்சில் வெட்டிய விரல்கள்

வகுப்புக்கு வெளியே என் பியானோ வாசிப்புக்குக் கிடைத்த முதல் விமர்சனம் கீழ் வீட்டு மாமியிடமிருந்து வந்தது. அன்று நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு காதுகளைத் தவிர வேறு எங்கும் சத்தம் போகாது என்ற முழு நம்பிக்கையில், ஸ்ரீரங்கமே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் மத்தியான வேளையில், நானுண்டு என் தாலாட்டுண்டு என்று இருந்தேன்.

மாமி அழைப்பு மணியை அடித்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. ஹாலில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்த என் கணவருக்கும் கேட்கவில்லை. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதாக ஆகக் காது மந்தமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் முதலில் “என்ன?” என்பார். இரண்டாவது தடவை சொன்னால்தான் பதில் வரும். பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மாமி, என் முன்னால் நின்று கையை ஆட்டினார். ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

“ஏன், ஆத்துலயே டைப் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சுட்டேளா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராகி, ஓய்வு பெற்றவள். இந்தக் குடியிருப்புக்குக் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமிக்கு என் பழைய வேலை தெரிய வாய்ப்பே இல்லை. தெரிந்து சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரியாமல் சொன்னதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

விஷயம் இதுதான். நான் வைத்திருப்பது டிஜிட்டல் பியானோ. மின்சாரத்தில் வேலை செய்வது. ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை. அசல் பியானோவைப் போலவே கட்டைகள் கனமாக இருக்கும். அழுத்தினால் கீழே போய் அடியில் இடிக்கும். அந்த இடி ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கும். எங்கள் தரைதான் மாமியின் கூரை. ஆகவே பாட்டு எனக்கு, பாட்டு இல்லாத வெறும் தட்டல் மாமிக்கு என்று பங்கு பிரிந்திருக்கிறது.

“இது தாலாட்டு மாமி,” என்றேன் வீம்பாக.

“தாலாட்டா?” மாமி மின்விசிறியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “பெருமாளையே வீணை வாசிச்சுக் கண்வளரப் பண்ற ஊர் இது. நீங்க தாலாட்டு வாசிச்சு எங்காத்துக்காரரை எழுப்பி உக்கார வெச்சுட்டேளே!”

மாமி கோபக்காரர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பியானோ ஆசை எனக்கு ஓய்வு பெற்ற பிறகு முளைத்தது அல்ல. முசிறியிலிருந்து வந்து திருச்சி தென்னூரில் பெரியம்மா வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்த காலத்திலேயே பிடித்துக்கொண்டது. இன்ஸ்டிட்யூட் ஒரு மாடி அறையில் இருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு வீட்டில் சாயங்காலங்களில் யாரோ பியானோ வாசிப்பார்கள். இங்கே முப்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கடகடவென்று ஓடும். அந்த இரைச்சலின் நடுவே அந்தச் சத்தம் ஊடுருவி வரும். அங்கேயும் கட்டைதான், இங்கேயும் கட்டைதான். அங்கேயும் விரல்தான், இங்கேயும் விரல்தான். அவர்களுக்கு மட்டும் ஏன் அப்படி வருகிறது என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். வாசித்தது ஆணா பெண்ணா என்பதுகூடக் கடைசி வரை தெரியாது. என்றைக்காவது ஒருநாள் நானும் அப்படி ஒரு சத்தத்தை எழுப்பவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள், மாற்றல் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. பிள்ளைகள் வெளியூர் போய், வேலையும் முடிந்த பிறகு, முதல் காரியமாகப் பியானோ வாங்கினேன். என் கணவர் “என்ன?” என்று மூன்று தடவை கேட்டார். அன்று அது காது மந்தத்தால் அல்ல என்று நினைக்கிறேன்.

வகுப்பும் தென்னூரிலேயே அமைந்தது. ஆசிரியைக்கு என் மகளைவிட வயது குறைவு. அவர் என்னை ஆன்ட்டி என்பார். நான் அவரை மிஸ் என்பேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் இருவருக்கும் அது பழகிப்போயிற்று. அவருடைய வீட்டின் முன்னறையில் சுவரை ஒட்டி ஓர் அசல் பியானோ உண்டு. ஒவ்வொரு வாரமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, பாலத்தில் காவேரியைப் பார்த்துக்கொண்டே, மனதுக்குள் பாடத்தை ஓட்டிக்கொண்டு போவேன். சுரங்களை நான் வெகு சீக்கிரம் பிடித்துவிட்டேன். கையைப் பார்க்காமல் தாளைப் பார்த்து அடிப்பதுதானே என் பிழைப்பாக இருந்தது? மற்ற மாணவர்கள் மாதக்கணக்கில் திணறிய இடத்தை நான் சில வாரங்களில் தாண்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மிஸ்ஸின் முகம் மலரவில்லை.

“நோட்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு ஆன்ட்டி. ஆனா எல்லா நோட்டும் ஒரே மாதிரி இருக்கு,” என்றார் ஒருநாள்.

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். டைப் பழகியவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஓர் எழுத்து கறுப்பாகவும் அடுத்த எழுத்து வெளிறியும் விழுந்தால் எங்களுக்கு அவமானம். அதோடு, அலுவலகத்தில் ஒரு தாளை மட்டும் யாரும் அடிக்கமாட்டார்கள். அசலுக்கு அடியில் கார்பன் வைத்து மூன்று நகல் இருக்கும். கடைசி நகலும் படிக்கிற மாதிரி விழவேண்டுமென்றால் ஓங்கித்தான் அடிக்கவேண்டும். அந்த அடி என் விரலில் ஊறிப்போயிருந்தது. தாலாட்டானாலும் சரி, கல்யாண ஊர்வலமானாலும் சரி, என் விரல்கள் நான்காவது தாளுக்கே அடித்தன.

மிஸ்ஸுக்கு நல்ல பொறுமை. “அடிக்காதீங்க ஆன்ட்டி. கையோட எடையை மெதுவா விடுங்க,” என்று நூறு தடவை சொல்லியிருப்பார். நான் வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் சத்தத்தைக் குமிழைத் திருகிக் குறைத்துக்கொண்டு, மெதுவாகத்தானே கேட்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இதைவிட வசதியான இயந்திரம் வேறு கிடையாது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் மிஸ்ஸின் மாணவர்கள் எல்லோரும் ஒரு பள்ளி அரங்கில் வாசிப்பார்கள். அங்கே உள்ள பியானோ படுக்கைவாட்டில் விரிந்திருக்கும் பெரிய பியானோ. அதில் அந்தத் தாலாட்டை வாசிக்கவேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பாக இருந்தது. ஆடி மாதமே கேட்டுவிட்டேன். மிஸ் நேராகச் சொன்னார்: “உங்களை மேடையில ஏத்தணும்னு எனக்கு ரொம்ப ஆசை ஆன்ட்டி. ஆனா தாலாட்டை இப்படி வாசிச்சா ஏத்த மாட்டேன். ஒரு நோட்டாவது தூங்க வைக்கிற மாதிரி கேக்கணும்.”

மாமி வந்து டைப் இன்ஸ்டிட்யூட் என்று சொன்னது இதற்கு அடுத்த வாரம். அன்று அவர் போனபிறகு வெகுநேரம் பியானோவின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மிஸ் கேட்டது பியானோவோடு சேர்ந்த என் விரல்களை. நான் கேட்டது குமிழைத் திருகிய சத்தத்தை. பாட்டு, கம்பி, மின்சாரம் எதுவும் கலக்காமல் என் விரல் என்ன செய்கிறது என்பதை மட்டும் தனியாகக் கேட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் மாமிதான். அவருக்கு அது டைப் அடிப்பதாகக் கேட்டிருக்கிறது. கேட்டது சரிதான். அழுகை வந்தது. அழுதேன். கணவர் எழுந்து வந்து, “என்ன?” என்றார். “ஒண்ணுமில்லைங்க” என்றேன். “என்ன?” என்றார் மறுபடியும்.

நவராத்திரிக்கு மாமி வீட்டுக் கொலுவுக்கு அழைத்தார். போனபோது அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு மாமி என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதேங்கோ. இத்தனை நாள் பரவாயில்லைன்னு இருந்துட்டோம். கொழந்தை வந்துட்டா, மத்தியானம்தான் தாயும் சேயும் சித்த கண்ணை மூடும். நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.”

யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை பெற்றவள் தூக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? அன்றே என் கணவர் ஒரு தீர்வும் சொல்லிவிட்டார். திருச்சி கே.கே. நகரில் என் தம்பி வீட்டு மாடி அறை சும்மாக் கிடக்கிறது. பியானோவை அங்கே அனுப்பிவிடலாம். வேண்டும்போது போய் வாசித்துவிட்டு வரலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகருக்கு இரண்டு பஸ் மாறித் தினமும் போய் வாசிக்க நான் என்ன கல்லூரிப் பெண்ணா? பியானோ கே.கே. நகர் போனால் பழக்கம் போகும். பழக்கம் போனால் மேடை போகும். தென்னூர் மாடியில் உட்கார்ந்து ஆசைப்பட்ட அந்தச் சத்தமும் போகும்.

மறுநாள் கீழே போனேன். “குழந்தை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் டைம் குடுங்க மாமி. அதுக்கப்புறமும் உங்களுக்குத் தட்டற சத்தம் கேட்டுச்சுன்னா, நானே வண்டி வெச்சு அனுப்பிடறேன்.”

“அவ்வளவெல்லாம் சொல்லாதேங்கோ,” என்றார் மாமி. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதலில் என் கணவர் களத்தில் இறங்கினார். அவருக்கு இதெல்லாம் பிடித்த வேலை. ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தார். அதற்கடியில் தென்னைநார் மிதியடி, அதற்கடியில் என் அம்மா கொடுத்த ஜமக்காளம் என்று அடுக்கினார். பியானோ இரண்டு விரற்கடை உயர்ந்து, நான் நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவேண்டியதாயிற்று. வாசித்துப் பார்த்துவிட்டுப் பால்கனியிலிருந்து கீழே குனிந்து மாமியிடம் கேட்டோம்.

“இப்போ டைப் மாதிரி இல்லை,” என்றார் மாமி நியாயமாக. “டீக்கு இஞ்சி தட்டற மாதிரி இருக்கு.”

“பார்த்தியா, டைப்புலேருந்து இஞ்சிக்கு வந்துட்டோம்,” என்று என் கணவர் பெருமைப்பட்டார். எனக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டியிருக்கவில்லை. ஜமக்காளம் அடக்கியது சத்தத்தைத்தான். என் விரல் அப்படியேதான் இருந்தது.

சரி, மெதுவாகத்தான் வாசிப்போமே என்று முயன்றேன். பூனை மாதிரி கட்டைகளைத் தொட்டேன். பாதிச் சுரங்கள் வரவே இல்லை. கட்டை பாதி இறங்கி ஊமையாக நின்றது. தாலாட்டு பொக்கை வாயில் பாடுவது போல நடுநடுவே காற்றாகப் போயிற்று. தென்னூரில் அப்படி வாசித்தபோது மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “நீங்க பயந்து தொடறீங்க ஆன்ட்டி. மெல்லத் தொடறது வேற, பயந்து தொடறது வேற,” என்றார். வேறு வேறு என்று எனக்கும் புரிந்தது. எது எப்படி என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது முந்தைய வகுப்பு முடிந்திருக்கவில்லை. உள்ளே ஒரு சிறுமி வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா முன்னறைச் சோபாவில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, வகுப்பு முடிந்த கையோடு ஏதோ வரவேற்புக்குப் போகவேண்டிய அவசரத்தில் நகத்துக்குச் சிவப்புப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். சின்னப் பாட்டில், மூடியிலேயே தூரிகை. அந்த நெடி என் மூக்கில் ஏறியது. ஏறியதுதான் தாமதம், என் வலது கைச் சுண்டுவிரல் தானாக ஒருமுறை மடியில் தட்டியது.

அது நகப்பூச்சு நெடி அல்ல. எனக்கு அது ஸ்டென்சில் திருத்தும் மருந்தின் நெடி.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஜெராக்ஸ் எல்லா அலுவலகத்துக்கும் வருவதற்கு முன்னால், ஒரு சுற்றறிக்கையை நூற்றுக்கணக்கில் எடுக்கவேண்டுமென்றால் ஸ்டென்சில் வெட்டவேண்டும். மெழுகு பூசிய மெல்லிய தாள் அது. டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, வெறும் எழுத்தச்சு நேராகத் தாளில் விழும்படி அடிப்போம். விழுந்த இடத்தில் மெழுகு விலகும். பிறகு அதை உருளையில் சுற்றி மையிட்டு ஓட்டினால், விலகிய இடம் வழியாக மை இறங்கி எழுத்தாகும். இங்கே கார்பன் வேலை நடக்காது. ஓங்கி அடித்தால் தாள் கிழிந்துவிடும். பயந்து அடித்தால் மெழுகு விலகாது, எழுத்தே வராது. அதோடு எல்லா எழுத்துக்கும் ஒரே அழுத்தமும் உதவாது. ண, ஞ என்று சுழித்துச் சுழித்து வரும் எழுத்துகளுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் வேண்டும். ட, ப போன்றவற்றுக்கு லேசான கை போதும். எல்லாவற்றிலும் ஆபத்தானது மெய்யெழுத்தின் புள்ளி. சின்ன முனை. ஒரு மயிரிழை கூடினாலும் தாளில் ஓட்டை விழுந்து, நூறு பிரதியிலும் மிளகு மிளகாக மை கொட்டும். ஓட்டை விழுந்தால் அந்தச் சிவப்பு மருந்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி அடிக்கவேண்டும். அடித்தது கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. விரலும் காதும் சொல்வதுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஸ்டென்சில் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வெட்டிய ஸ்டென்சிலில் சிவப்பு மருந்து இருக்காது. தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி வலது கைச் சுண்டுவிரலில் இருக்கிறது. எல்லோரும் பலவீனமான விரல் என்று சொல்லும் அந்தச் சுண்டுவிரல்தான் என் கையிலேயே விவரம் தெரிந்த விரலாக இருந்தது. கார்பன் காலத்தை நினைவு வைத்துக்கொண்டு, ஸ்டென்சில் காலத்தை எப்படி மறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மெல்லத் தொடவும் வேண்டும், விழவும் வேண்டும். மிஸ் மாதக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டது இதைத்தானே? இது எனக்கு வரும். எனக்கு எப்போதோ வந்துவிட்டது!

சிறுமியும் அம்மாவும் கிளம்பினார்கள். நான் போய் உட்கார்ந்தேன். மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஒரு நிமிஷம் மிஸ்” என்று சொல்லிவிட்டு, கட்டைகள் மேல் கையை வைத்தேன். அடியில் மெழுகுத்தாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிழிக்கக்கூடாது. விழாமலும் போகக்கூடாது. தாலாட்டின் முதல் வரியை வாசித்தேன்.

அந்த அறையில் அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. ஆனால் உருண்டையாக, முழுசாக, எனக்குச் சொந்தமாக வந்தது. தென்னூர் மாடியில் எதிர்ச்சாரி வீட்டிலிருந்து வந்த சத்தத்துக்கு அது தூரத்துச் சொந்தம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

மிஸ் குனிந்து என் கையையே பார்த்தார். பிறகு, “அந்த லைனை இன்னொரு தடவை வாசிங்க ஆன்ட்டி,” என்றார். வாசித்தேன். “என்ன பண்ணீங்க?”

“ஸ்டென்சில் வெட்டினேன் மிஸ்.”

“அப்படின்னா?”

வகுப்பின் பாதி நேரம் அதை விளக்குவதில் போயிற்று. மிஸ்ஸுக்கு டைப்ரைட்டரே படத்தில் பார்த்த பொருள்தான். ஆனால் கெட்டிக்காரப் பெண். கேட்டு முடித்ததும் மீதியை அவர் பிடித்துக்கொண்டார். “விரல் கிடைச்சாச்சு ஆன்ட்டி. இனிமே ஒரு எழுத்துலேருந்து அடுத்த எழுத்துக்குக் கனத்தைத் தூக்கிட்டுப் போகணும். நடக்கற மாதிரி. டைப்புல அது கிடையாது இல்லையா?” கிடையாதுதான். டைப்பில் தட்டிய விரல் சூடு பட்டது போல உடனே எழும்பவேண்டும். பியானோவில் அடுத்த விரல் இறங்கும் வரை முந்தைய விரல் காத்திருக்கவேண்டும். கட்டையை விடுவதும் மெதுவாக விடவேண்டும். படாரென்று விட்டால் அது மேலே வந்து முட்டும் சத்தமும் மாமிக்குப் போகும். இறக்குவது எனக்குத் தெரிந்திருந்தது. ஏற்றுவதை அந்த ஐப்பசி முழுக்க, அடைமழையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படித்தேன். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் என் வாய்க்கு என் கணவர்தான் கிடைப்பார்.

மாமிக்குப் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆரத்தி எடுத்ததை மேலேயிருந்து பார்த்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கெடு முடிந்துவிட்டது. அன்று மத்தியானம் பியானோவின் முன்னால் உட்கார மனம் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, சத்தக் குமிழை நன்றாகக் கூட்டிவைத்தேன். இனி மெதுவாகக் கேட்டால் அது என் விரலால் மட்டுமே மெதுவாக இருக்கவேண்டும். வாசித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் வாசலைப் பார்த்தேன். மாமி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்களோ என்று இன்னொரு கவலை பிடித்தது.

தொட்டில் போட்ட மறுநாள், நான் வாசித்து முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில், தொட்டிலுக்குச் செய்த வெல்லக் காப்பரிசி. முகம் வாடியிருந்தது. போச்சு என்று நினைத்தேன். கே.கே. நகர் மாடி அறை கண்முன்னால் வந்தது.

“உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார். “நீங்க வாசிக்கறதையே நிறுத்திட்டேளா?”

நான் கையைத் துடைத்துக்கொண்டே பியானோவைத் திரும்பிப் பார்த்தேன்.

“எங்காத்துக்காரர் ரெண்டு நாளா சொல்லிண்டிருக்கார். பாவம், ஆசையா வாசிச்சுண்டிருந்தா, நம்மால நின்னுபோச்சுன்னு. எனக்கு மனசே சரியில்லை. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. சாயங்காலமா ஒரு அரை மணி வாசிச்சா எங்களுக்கு ஒண்ணும் இல்லை.”

“மாமி,” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “இப்பதான் மாமி வாசிச்சு முடிச்சேன். தினமும் வாசிக்கறேன். குழந்தை வந்த மறுநாள்லேருந்து.”

மாமி என்னைப் பார்த்தார். பியானோவைப் பார்த்தார். கீழே இருந்த ஜமக்காளத்தைப் பார்த்தார். “இது முன்னயே போட்டதுன்னா?”

“ஆமா. அது இஞ்சி வரைக்கும்தான் வந்துச்சு.”

மாமி காப்பரிசிக் கிண்ணத்தை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “அந்தக் காதுல மாட்டிக்கறதைக் கழட்டிட்டு வாசிங்கோ, கேப்போம்.”

ஹெட்ஃபோனின் வயரைப் பிடுங்கினேன். வாசித்தேன். என் வாழ்நாளில் யாருக்கும் நான் அவ்வளவு அக்கறையாக எதையும் செய்ததில்லை. முடித்துத் திரும்பியபோது மாமி கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். தூங்கியிருந்தாலும் தாலாட்டுக்கு அது மரியாதைதானே. கண்ணைத் திறந்தார்.

“இதுவா அன்னிக்கு டக்குடக்குன்னு கேட்டது?” என்றார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். “நாளையிலேருந்து இப்படியே வாசிங்கோ. கதவைத் திறந்து வெச்சுண்டே வாசிங்கோ. கொழந்தைக்கும் கேக்கட்டும்.”

அவர் படி இறங்கிப் போனபிறகு நான் ஹாலில் ஒரு சுற்று ஆடினேன். அறுபது வயதுப் பெண்மணிக்கு அழகில்லை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். என் கணவர் வாய் நிறையக் காப்பரிசியோடு, “என்ன?” என்றார்.

அந்த வாரம் மிஸ் என் தாலாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, நிகழ்ச்சியில் என்னைக் கடைசியாக வைத்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பிறகு, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிறகு, நான். என் கணவரிடம் முன்வரிசையில் உட்காருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் வந்து சேர்ந்தபோது முன்வரிசையெல்லாம் பெற்றோர்களும் அவர்களுடைய ஃபோன்களுமாக நிறைந்திருந்தது. கடைசி வரிசையில், கதவோரம் போய் உட்கார்ந்ததை மேடையின் பக்கத்திலிருந்து பார்த்தேன். போயிற்று, இவருக்கு ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன். ஒரு கணம், பழையபடி ஓங்கி அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நான்காவது தாளுக்கு அடித்துப் பழகிய கை அல்லவா?

பெரிய பியானோவின் முன்னால் உட்கார்ந்தேன். அதன் கட்டைகள் இன்னும் கனமாக, ஆனால் இன்னும் ஆழமாக இருந்தன. முதல் சுரத்தை வைத்ததும் அது என்னைத் தாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்குக் கடைசி வரிசை ஞாபகம் வரவில்லை. கை தானாக நடந்தது. தாலாட்டின் முடிவில் இடது கை நின்றுவிடும். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மேலே தனியாக ஒரே ஒரு சுரத்தை வைக்கவேண்டும். ஒரு புள்ளி. எத்தனையோ வருடங்களாக அந்த விரல் செய்துவந்த வேலை அது. வைத்தேன். கிழியவில்லை. விழுந்தது. அரங்கத்தில் அது மெல்லக் கரைந்தது. பிறகு கைதட்டினார்கள். மிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். நான் அழவில்லை, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் புகைப்படத்தில் இருக்கிறது.

வெளியே மரத்தடியில் என் கணவர் காத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் “என்ன?” என்பார் என்று பேசாமல் நடந்தேன். கேட்டைத் தாண்டியதும் அவராகவே சொன்னார்.

“கடைசியில ஒண்ணு வெச்சியே, சின்னதா. மேல. அது கேட்டுச்சும்மா எனக்கு.”

நான் நின்றேன்.

“என்ன?” என்றேன்.

அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்திருந்தது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். அவரும் சொன்னார்.